இரண்டு சங்குக்கு நடுவே

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, முட்டி மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ சுகமா? உன் வீட்டுக்காரி இன்னும் உன்னை வைத்துக்கொண்டு மாரடிக்கிறாளா, இல்லை புத்தி வந்துவிட்டதா?

ஒரு விஷயத்தை வெட்கத்தை விட்டு ஒத்துக்கொள்கிறேன். துக்கத்துக்கு வந்தபோது நீ சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன தியானத்துக்கு முந்தாநாள் உட்கார்ந்தேன். வீட்டில் முடியாது, மாடி வீட்டுப் புருஷன் பெண்டாட்டி தட்டு வீசி விளையாடுவார்கள். அதனால் கறிக்கூடத்திலேயே, மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு உட்கார்ந்தேன். முதுகை நிமிர்த்தினேன், கண்ணை மூடினேன், மூச்சைக் கவனித்தேன். அவ்வளவுதான் ஞாபகம். அப்புறம் யாரோ முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். பார்த்தால் சுமை தூக்குகிற ஒட்டகம், நெட்டையாகக் கூன் போட்டு நடப்பானே, அவன். "வெட்டாத மாடு ஒண்ணு உள்ள நின்னு கத்துதுன்னு ஓடி வந்தேன்க்கா" என்றான். குறட்டை விட்டிருக்கிறேன். எச்சில் தாடை வரைக்கும் வழிந்திருந்தது. உன் மாணவியின் லட்சணம் இதுதான் சாமியாரே.

போலீஸ் மறுபடியும் வந்தது. பட்டப்பகலில், கறி வெட்டுகிற பத்துப் பன்னிரண்டு மேஜைக்கு நடுவில் அந்த வெள்ளைச்சட்டை ரவுடி உன் அத்தானைக் குத்தியிருக்கிறான். அந்த நேரம் பார்த்து எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தார்களாம். நான் என்னத்தைச் சொல்ல? குளிர் அறைக்குள் இருந்தேன். கதவைத் திறந்து வந்தபோது அவர் தரையில் கிடந்தார், பக்கத்து மேஜைக்காரன் குழாயைப் பிடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். வெள்ளைச்சட்டையைப் பிடித்தார்கள், ஜாமீனில் விட்டார்கள். மறுபடியும் மேஜை மேஜையாக வந்து தினப்பங்கு என்று மாமூல் வாங்கிக்கொண்டு போகிறான். இனிமேல் கிடையாது என்று சொல்ல உன் அத்தானும் இல்லை. கறிக்கூடத்துக்குள் வெள்ளைச் சட்டையோடு நடந்து ஒரு சொட்டுக் கறை படாமல் வெளியே போவது ஒரு திறமைதான்.

பிழை இருந்தால் உன் வீட்டுக்காரியிடம் கொடுத்துத் திருத்திக்கொள். நான் படித்தது மூன்றாவது, அதிலும் பாதி நாள் வாசலுக்கு வெளியே.

அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் நலம். உன் கேள்வியை அவளிடம் வாசித்தேன். புத்தி எப்போதோ வந்துவிட்டது, போக வண்டிதான் கிடைக்கவில்லை என்று எழுதச் சொன்னாள்.

தூங்கினதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கு இரண்டு வருஷம் அப்படித்தான் போனது. மூன்றை மட்டும் விடாதே. ஒரே நேரம், ஒரே இடம், முடிகிற நேரம் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது. நேரத்தை ஒரு நாள் மாற்றினால் மறுநாள் மனசு பேரம் பேச ஆரம்பிக்கும். கடையில் நான் கண்ணாடி லென்ஸ் தேய்க்கிறேன் இல்லையா, நடுவில் கையை எடுத்தால் அந்த இடத்தில் ஒரு வரி விழும். வெளியே தெரியாது, போட்டுக்கொள்கிறவனுக்குத் தலைவலிக்கும்.

என்னைக் கேட்டால் விடியற்காலைதான் நல்லது. வயிறு காலியாக இருக்கும், யாரும் கூப்பிட மாட்டார்கள். வேலை முடிந்த கையோடு, ரத்தவாடையோடு உட்கார வேண்டாம்.

வழக்கு என்ன ஆகும் என்று போலீஸ்காரர் ஏதாவது சொன்னாரா?

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள சாமியாருக்கு,

உன் காலடியில் அக்கா விழுந்து எழுந்ததாக நினைத்துக்கொள், நிஜமாக விழுந்தால் எழுந்திருக்க ஆள் பிடிக்க வேண்டும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், முட்டி வெந்தது, வலி அப்படியே இருக்கிறது.

நேரம் முடிவு செய்துவிட்டேன். எதிரே ஐஸ் கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு சங்கு ஊதுவான், சாப்பாடு முடிந்தது என்று இன்னொரு சங்கு ஊதுவான். அந்த இரண்டுக்கும் நடுவில். கூடத்தில் ஈ காக்கை இருக்காது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, என் மேஜைக்குப் பக்கத்தில் பலகை போட்டு, சுவரைப் பார்த்து உட்காருகிறேன். வாசல் முதுகுக்குப் பின்னால். எல்லா மேஜைக்காரர்களிடமும் சொல்லிவிட்டேன், டீக்கடையிலும் சொல்லிவிட்டேன், அந்த நேரத்தில் என்னைக் கூப்பிடக் கூடாது, நான் கண்ணை மூடிக்கொண்டு தனியாக இருப்பேன் என்று. இப்போது இந்தத் தெரு முழுக்க என் தியான நேரம் தெரியும். உனக்குக்கூட இவ்வளவு பேர் கிடையாது.

தூக்கம் வருவதில்லை. ஒரு நாள்கூட.

போன வாரம் வெள்ளைச்சட்டை ஒட்டகத்தின் கையை ஷட்டருக்குக் கீழே வைக்கச் சொன்னான். பங்கு கொடுக்க ஒரு நாள் பிந்திவிட்டதாம். ஒட்டகம் வைத்தான். அவனே வைத்தான் தம்பி, யாரும் பிடித்து அழுத்தவில்லை. வெள்ளைச்சட்டை ஷட்டரை மேலே தூக்கிப் படாரென்று கீழே விட்டான். நாலு விரல். மேஜைக்காரர்கள் கறி வெட்டுகிற சத்தம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. நான்தான் துணி சுற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம் அவன் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு வந்தான்: "இனிமே எப்படிக்கா பட்டன் போடுவேன்?" கட்டிக்கொள்ள ஒருத்தியைத் தேடு, அவள் போட்டுவிடுவாள் என்றேன். சிரித்தான், பாவி.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. வண்டி கிடைத்தால் இங்கே வரச் சொல்.

அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒட்டகத்தின் கை எப்படி இருக்கிறது?

நீ ஒரு நாளும் தவறாமல் உட்காருவது சந்தோஷம். ஆனால் வாசலுக்கு முதுகைக் காட்டி யாரும் உட்கார மாட்டார்கள் அக்கா. பின்னால் என்ன என்று மனசு திரும்பித் திரும்பிப் பார்க்கும். தெருவுக்கே நேரத்தைச் சொன்னதும் எனக்குப் பிடிக்கவில்லை. இது நமக்குள் வைத்துக்கொள்கிற விஷயம்.

எனக்கு இரண்டு வருஷம் பிடித்த தூக்கம் உனக்கு ஒரு மாதத்தில் எப்படிப் போனது? உட்காரும்போது மனசு எங்கே போய் நிற்கிறது? வழக்கைப் பற்றிக் கேட்டிருந்தேன், நீ எழுதவில்லை.

தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலமே. நீ இளைத்துவிட்டதாக உன் வீட்டுக்காரி பின்பக்கம் ஒரு வரி எழுதியிருக்கிறாள். கறி அனுப்பட்டுமா? வேண்டாம், சாமியார் மயக்கம் போட்டு விழுவார்.

மனசு எங்கே நிற்கிறது என்று கேட்டாய். காதில் நிற்கிறது. கண்ணை மூடினதும் முதலில் குழாய் சொட்டுகிற சத்தம். அப்புறம் காலிக் கொக்கிகள் காற்றில் ஒன்றோடொன்று உரசுவது. சாக்கடையில் எலி நடந்தால் அது குட்டியா கிழமா என்று சொல்லுவேன். ஷட்டருக்கு வெளியே போகிறவர்களைச் செருப்புச் சத்தத்திலேயே பிரித்துவிடுவேன். டீக்கடைக்காரன் இடது காலை இழுப்பான், ஒட்டகம் தாண்டித் தாண்டிப் போவான். மூச்சு தானாகவே மெதுவாகிவிடுகிறது, மூச்சு சத்தம் போட்டால் மற்றது கேட்காதே. நீ இத்தனை வருஷமாக உட்கார்ந்து இந்த அளவுக்கு வந்திருக்கிறாயா, உண்மையைச் சொல்.

இடத்தையும் நேரத்தையும் மாற்றச் சொல்லாதே. மாற்றக் கூடாது என்று சட்டம் போட்டதே நீதான்.

வெள்ளைச்சட்டை டீக்கடையில் விசாரித்தானாம், அந்தம்மா நிஜமாவே தினமும் தனியா உட்காருதா என்று. எனக்கும் ஒரு சிஷ்யன் கிடைக்கப் போகிறான் போலிருக்கிறது.

உட்காருவதற்கு முன்னால் எலும்பு பிரிக்கிற கத்தியைத் தீட்டிவிடுகிறேன். சாயங்கால வேலைக்கு வசதி.

அக்கா

ஏப்ரல் 15

அக்கா,

உன் மார்க்கெட்டுக்கு மாடு ஏற்றி வருகிற லாரி டிரைவர் கண்ணாடி போட எங்கள் கடைக்கு வந்தார். நீ போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறாய் என்றார். அத்தானைக் குத்தினதை உன் கண்ணால் பார்த்ததாக. ஜனவரியிலேயே கொடுத்துவிட்டாயாம். மேஜை மேஜையாகப் போய் அதைச் சொல்லிக்கொண்டும் இருக்கிறாயாம்.

நீ பார்க்கவில்லை. குளிர் அறைக்குள் இருந்ததாக எனக்கு எழுதினாய். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது.

பார்த்த ஒரே ஆள் நீதான் என்று அவனை நம்ப வைத்திருக்கிறாய். எந்த நேரத்தில், எந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு தனியாக இருப்பாய் என்று ஊருக்கே சொல்லியிருக்கிறாய். கத்தியைத் தீட்டுகிறாய்.

உட்கார வேண்டாம். சொல்லிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கிளம்பி இங்கே வந்துவிடு.

தம்பி

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை. இங்கே வெயில் தாங்கவில்லை, குளிர் அறைக்குள் போகிறவர்கள் வெளியே வர மறுக்கிறார்கள். மாடி வீட்டில் தட்டெல்லாம் தீர்ந்துவிட்டது, இப்போது பாத்திரம். ஒட்டகத்துக்கு இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள், மிச்சத்தை வைத்துக்கொண்டு பட்டன் போடப் பழகிவிட்டான்.

நீ கேட்டதற்கெல்லாம் எனக்குப் பதில் எழுத வராது. மூன்றாவது படித்தவள்.

ஒரு நாளும் விடவில்லை.

அக்கா

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இல்லை. ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது?

நீ செய்வது தியானம் இல்லை, பொறி வைத்து உட்கார்ந்திருக்கிறாய். உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதையும் இல்லை. அத்தான் போன நாளிலிருந்து கண்ணை மூடினால் நானும் அவனைத்தான் கொன்றுகொண்டிருக்கிறேன், தினமும் ஒவ்வொரு விதமாக. ஒரு நாள் லென்ஸ் தேய்க்கிற சக்கரத்தில் அவன் முகத்தை வைத்தேன். அதை மறைத்துவிட்டு உன்னிடம் நான் பெரிய ஆள் மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன்.

முதலாளி ஆகஸ்டில்தான் விடுமுறை தருவார். அதுவரை உன்னை நிறுத்த என்னால் முடியாது, தெரியும். மார்க்கெட் போனில் இரண்டு தடவை கூப்பிட்டேன், யாரோ எடுத்து, உன்னைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உள்ளே எது எழுந்தாலும், கோபமோ, அழுகையோ, கொல்ல வேண்டும் என்பதோ, இரண்டாவது சங்கு ஊதும்வரை அதைச் செய்யாதே. ஊதின பிறகு உன் இஷ்டம், நான் கேட்க மாட்டேன். நான் இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்டதே இவ்வளவுதான்.

கதவைப் பார்த்து உட்கார், அக்கா.

தம்பி

ஜூலை 12

அக்கா,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. ஒரு வரி எழுது. திட்டி எழுது.

தம்பி

ஜூலை 19

அன்புள்ள தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். முட்டி வலி போய்விட்டது, வலி முழுக்கத் தோளுக்கு மாறிவிட்டதால் முட்டிக்கு மிச்சமில்லை. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறின மாதிரி இருக்கும். உன் வீட்டுக்காரிக்கு இதை வாசித்துக் காட்டாதே, அல்லது நடுவில் கொஞ்சம் விட்டுவிட்டு வாசி.

போன செவ்வாய்க்கிழமை முதல் சங்கு ஊதியது. எல்லோரும் போனார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். கத்தி வலது தொடைக்குக் கீழே. குழாய், கொக்கி, எலி எல்லாம் ஒவ்வொன்றாக வந்து போயின. அப்புறம் ஈரத் தரையில் வெறும் பாதம் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டது. எலும்புச் சில் குத்தும் என்று இந்தக் கூடத்தில் யாரும் செருப்பில்லாமல் நடக்க மாட்டார்கள்.

எழுந்து திரும்பி, உன் அத்தானுக்குக் கொடுத்ததை அவன் வயிற்றிலேயே திருப்பிக் கொடுப்பது என்றுதான் இத்தனை மாதமாக மனசுக்குள் பழகியிருந்தேன். தூங்கி எழுந்தால்கூடக் கை அந்த வீச்சைத்தான் முதலில் வீசும். ஆனால் சங்கு ஊதவில்லையே, இடுப்பு கிளம்பவில்லை. தினமும் உட்கார வைத்து உட்கார வைத்து என் உடம்பைக் கெடுத்து வைத்திருக்கிறாய். பயம் இல்லை, தம்பி. எழுந்திருக்க வரவில்லை, அவ்வளவுதான்.

அவன் எனக்குப் பின்னால் வந்து நின்றான். மூச்சு கேட்டது. வரிசையில் கடைசி மாட்டுக்கு இருக்குமே, முன்னால் நின்றதெல்லாம் போன பிறகு, அந்த மூச்சு. பயந்துபோயிருந்தான். கையை ஓங்கினது சட்டை உரசலில் தெரிந்தது. உட்கார்ந்தபடியே கத்தியை உருவிப் பின்பக்கமாக இழுத்தேன். குதிகாலுக்கு மேலே ஒரு கெட்டி நரம்பு உண்டு, மாட்டைக் கொக்கியில் மாட்டுகிற இடம், கண் இல்லாமலே என் கைக்குத் தெரியும். கயிறு அறுந்த மாதிரி பட்டென்று போனது. அவன் என் மேலேயே சாய்ந்தான், ஓங்கின கத்தி என் தோளில் பிடி வரைக்கும் இறங்கியது.

அதற்கப்புறம் நான் செய்ததை உன்னிடம் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவன் தவழ்ந்து ஷட்டர் பக்கம் போனான். நான் உருண்டு போய் அவன் முடியைப் பிடித்தேன். முகத்தைத் தரையில் இடித்தேன், மூக்கு உடைகிற வரைக்கும், அது உடைந்த பிறகும். பல் ஒன்று சாக்கடைக்குப் போனது. அவன் என் காலைக் கடித்தான், சதை போயிருக்கிறது, டாக்டர் ஆறு தையல் போட்டார். கடைசியில் அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் ஏறி உட்கார்ந்தேன். என் உடம்பைக் கேலி செய்வாயே, அன்றைக்கு அத்தனை கிலோவும் வேலை செய்தது. கத்தியை அவன் கழுத்தில், காதுக்குக் கீழே வைத்தேன். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு போகும் என்று எனக்குத் தெரியும், பிழைப்பே அதுதானே.

"எந்திரிம்மா. மூச்சு முட்டுது" என்றான்.

"சங்கு ஊதட்டும்" என்றேன்.

மிச்ச நேரத்துக்கு அவன் மேலேயே உட்கார்ந்தேன். முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி. தோளிலிருந்து வழிந்தது அவன் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. வசவு எல்லாம் வரிசையாக வைதான். அம்மா என்று அழுதான். எவ்வளவு வேண்டும் என்று விலை கேட்டான். அப்புறம் ஓய்ந்துபோனான். அவன் மூச்சு இழுத்தால் நான் மேலே போவேன், விட்டால் கீழே வருவேன். கொஞ்ச நேரத்தில் என் மூச்சும் அதோடு சேர்ந்து போக ஆரம்பித்துவிட்டது. அது எனக்குப் பிடிக்கவே இல்லை. பிரித்துப் பார்த்தேன், முடியவில்லை.

சங்கு ஊதியது. இனி என் இஷ்டம் என்று எழுதியிருந்தாய். தேடிப் பார்த்தேன் தம்பி, அந்த இஷ்டம் இல்லை. எங்கே போனது என்று தெரியவில்லை. ஏமாந்துபோன மாதிரி இருந்தது.

எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். ஷட்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள். இந்தத் தடவை யாருக்கும் சுவர்ப்பக்கம் திரும்பத் தோன்றவில்லை. ஒட்டகம்தான் வந்து, மிச்ச விரலால் என் கையிலிருந்து கத்தியைப் பிரித்து எடுத்தான். எனக்கு விரல் பிரியவில்லை.

நீ வரும்போது வெறுங்கையோடு வா. பழம் வாங்கி வராதே, இங்கே வருகிறவனெல்லாம் பழம்தான் வாங்கி வருகிறான்.

அக்கா

அக்டோபர் 9

அன்புள்ள தம்பிக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததாக எழுதின கடிதம் வந்தது. உன் வீட்டுக்காரியும் கூட வந்தாளே, அவள் போட்ட சண்டையில் நர்ஸ்கள் இன்னும் எனக்கு மரியாதை கொடுக்கிறார்கள். தோள் கூடிவிட்டது, வலது கையைக் காது வரைக்கும் தூக்க முடிகிறது, அதற்கு மேல் தூக்கி நான் யாரை ஆசீர்வாதம் செய்யப்போகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ கேட்டபடியே செய்துவிட்டேன். போலீஸில் போய், நான் பார்க்கவில்லை, குளிர் அறைக்குள் இருந்தேன், பொய்யாக எழுதிக் கொடுத்தேன் என்று சொன்னேன். அந்தப் போலீஸ்காரர் என்னை முறைத்த முறைப்பில் பாதி வெள்ளைச்சட்டையை முறைத்திருந்தால் எனக்குத் தோளில் ஓட்டை விழுந்திருக்காது. என் மேல் அதற்கு ஒரு வழக்கு வருமாம், காலை அறுத்ததற்கு இன்னொன்று வருமாம். வரட்டும். அவன் கத்தியோடு வந்து ஓங்கினதால் இரண்டாவது நிற்காது என்கிறார் வக்கீல்.

என் சாட்சி போனதும் கொலை வழக்கிலிருந்து அவனை விட்டுவிடுவார்கள் என்று இரண்டு நாள் வக்கீல் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் ஒட்டகம் தானாகப் போய், நான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறான். முழுக்கச் சொல்லியிருக்கிறான், யார் மேஜைக் கத்தி, எத்தனை குத்து, உன் அத்தான் கடைசியாக என்ன சொன்னார் என்பது வரைக்கும். அதை எனக்கும் சொன்னான். அடுத்த தடவை நீ வரும்போது சொல்கிறேன், எழுத வராது. அவனுக்குப் பின்னால், அன்றைக்குக் குழாயைப் பிடித்துத் தரையைக் கழுவின பக்கத்து மேஜைக்காரனும் போனான். வெள்ளைச்சட்டை உள்ளே இருக்கிறான். இனி வெளியே வந்தாலும் சத்தமில்லாமல் நடக்க முடியாது, இடது பாதம் தரையில் இழுபடும்.

இன்றைக்குத்தான் திரும்ப வேலைக்குப் போனேன். எட்டாம் வகுப்பு வாத்தியார் காலையிலேயே அரைக் கிலோ ஈரல் சொல்லி வைத்திருந்தார், வெட்டிப் பொட்டலம் கட்டி மேஜையில் வைத்தேன். முதல் சங்கு ஊதியதும் பலகையைப் போட்டேன். எந்தப் பக்கம் பார்த்து என்று கேட்பாய், அதே சுவரைப் பார்த்துத்தான், பலகை வேறு எங்கே போட்டாலும் ஆடுகிறது. தொடைக்குக் கீழே ஒன்றும் இல்லை. கண்ணை மூடினேன்.

இரண்டாவது சங்குக்குக் கண்ணைத் திறந்தபோது பொட்டலத்தின் காகிதம் என் மடியில் கிடந்தது. மேஜையில் ஒரு பூனை உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஷட்டரிலிருந்து மேஜைக்கு, மேஜையிலிருந்து என் மடிக்கு, மடியிலிருந்து மறுபடி மேஜைக்கு அது போய் வந்திருக்கிறது. எலி நடந்தால் குட்டியா கிழமா என்று சொன்ன எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. வாத்தியாருக்கு நுரையீரல் கொடுத்தனுப்பினேன்.

அக்கா